மழைக்காலத்தில் விறகடுப்பு ரொட்டி: அடுப்பு குடித்த தண்ணீரை வெளியே அனுப்பிய கதை

பினாங்கில் செப்டம்பர் பிறந்துவிட்டால் வெளியில் விறகடுப்பு வைத்து ரொட்டி சுடுகிறவர்களுக்குச் சோதனைக்காலம்தான். அக்டோபரில் மழை உச்சத்துக்குப் போகும், நவம்பர் வரை இழுக்கும், சரியாக அந்த நேரம் பார்த்துத் தீபாவளியும் வரும், ஆட்டுக்கறிக்குத் தொட்டுக்கொள்ள விறகடுப்பு ரொட்டி வேண்டும் என்று சொந்தபந்தம் எல்லாம் கேட்பதும் அப்போதுதான். பாலிக் புலாவில் எங்கள் வீட்டுப் பின்புறம் குவிமாடம் வைத்துக் கட்டிய ஒரு செங்கல் அடுப்பு இருக்கிறது. வீட்டை வாங்கியபோது கூடவே வந்தது. வறண்ட மாதங்களில் அருமையான அடுப்பு, மழை வலுத்துவிட்டால் மக்கர் பண்ணும். இந்த வருஷம் அதை விடுவதில்லை என்று உட்கார்ந்து சரி செய்தேன், அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மழையில் அடுப்பை எதைப் போட்டு மூடுவது என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். மூடுவது சின்ன வேலை. செங்கல்லுக்குள், விறகுக்குள், மாவுக்குள் ஏற்கெனவே போய் உட்கார்ந்திருக்கிற தண்ணீரை என்ன செய்யப் போகிறோம் என்பதுதான் பெரிய வேலை.

முதலில் அறிகுறிகளைச் சொல்லிவிடுகிறேன், உங்கள் அடுப்பிலும் இதே தொல்லை இருக்கலாம். இரண்டு மணி நேரத்துக்கு மேல் நல்ல தீ எரித்தும் உட்கூரையில் கரி அப்படியே கறுப்பாக ஒட்டிக்கொண்டிருந்தது. உட்கூரை 350 டிகிரியைத் தாண்டும்போது அந்தக் கரி எரிந்துபோய்ச் செங்கல் வெளுக்க வேண்டும், அடுப்பு தயார் என்பதற்கு அதுதான் அடையாளம். எங்கள் அடுப்பில் தீ நேராகப் படுகிற இடம் மட்டும் வெளுத்தது, பின் ஓரமும் பக்கவாட்டும் கறுப்பு. இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரை நீட்டினால் ஓரச் செங்கல் 100 டிகிரி பக்கத்திலேயே நின்று நகர மறுத்தது. அப்புறம் அடுப்பின் வெளிப்பூச்சைப் பார்த்தேன். புகைபோக்கி அடியில் மயிரிழை மாதிரி ஒரு வெடிப்பு, அதிலிருந்து ஏதோ மெல்ல வந்துகொண்டிருந்தது. புகை என்று நினைத்து மூக்கைக் கிட்டக் கொண்டுபோனால் புகை வாடையே இல்லை, மழை பெய்த புதிதில் சுவர் வீசுமே அந்த ஈர வாடை. ஒரு எவர்சில்வர் தட்டை அதன் மேல் பிடித்தேன், நொடியில் தட்டு முழுக்க நீர் பூத்துத் துளியாகி விளிம்பில் வழிந்தது. அடுப்பு உட்கார்ந்திருக்கும் கான்கிரீட் தளத்துக்குக் கீழே குனிந்து பார்த்தால் அங்கேயும் கறுத்த ஈரத்திட்டு.

தண்ணீர் இருக்கும்வரை அந்த இடம் 100 டிகிரியைத் தாண்டாது. எவ்வளவு விறகு போட்டாலும் அந்தச் சூடு தண்ணீரை ஆவியாக்கத்தான் போகும். ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்க மட்டும் 2,260 கிலோஜூல் வேண்டும், நம்ம ஊர் வெப்பநிலையில் இருந்து கொதிநிலைக்குக் கொண்டுபோவதையும் சேர்த்தால் ஏறக்குறைய 2,600. குவிமாடமும் அடித்தளமும் சேர்ந்து 400 கிலோ செங்கல் என்று வைத்துக்கொள்வோம், அதில் 5 சதவீதம் ஈரம் ஏறினாலே 20 கிலோ தண்ணீர், அதாவது 52 மெகாஜூல். ஓரளவு காய்ந்த விறகு கிலோவுக்கு 15 மெகாஜூல் தரும் என்பதால் மூன்றரைக் கிலோ விறகு போதும் என்று தோன்றும். ஆனால் திறந்த வாய் உள்ள அடுப்பில் தீயின் சூட்டில் பெரும்பகுதி புகைபோக்கி வழியாகவும் வாய் வழியாகவும் போய்விடும், கால்வாசி செங்கல்லுக்குள் போனாலே நல்ல அடுப்பு. அப்படிப் பார்த்தால் ரொட்டிக்கு ஒரு டிகிரி கூட ஏறுவதற்கு முன்னாலேயே 14 கிலோ விறகு தண்ணீரை விரட்டுவதில் தீர்ந்துவிடும். விறகைக் கூட்டக் கூட்டப் பலன் இல்லாமல் போனதன் காரணம் இதுதான்.

இதைவிடக் கெட்டது, செங்கல்லுக்கு வெளியே சூடு தப்பிப் போகாமல் தடுக்கப் போட்டிருக்கும் வெர்மிக்குலைட் (சூட்டில் பொரிந்த லேசான கனிமத் துகள்) கலவை நனைவது. அந்தக் கலவை வேலை செய்வதே அதன் இடுக்குகளில் அடைபட்டிருக்கும் காற்றால்தான். காற்று இருந்த இடத்தில் தண்ணீர் புகுந்தால், தண்ணீர் காற்றைவிட இருபது மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கடத்தும். ஈரக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு குளிர் காய்கிற கதைதான்.

ஜார்ஜ்டவுனில் விறகடுப்பு பேக்கரியில் பல வருஷம் ரொட்டி பெங்காலி என்கிற பினாங்கு ரொட்டியைச் சுட்டு ஓய்வு பெற்ற ஒரு பாய் எங்களுக்குப் பழக்கம். அவரை அழைத்துவந்து காட்டினேன். அடுப்பைச் சுற்றி ஒரு நடை நடந்தார், வெளிப்பூச்சைத் தட்டினார், வாயில் கையை விட்டுத் தரையைத் தடவினார். "தம்பி, கடை அடுப்பு தினமும் எரியும், அது ஈரம் குடிக்க நேரமே இருக்காது. உங்க அடுப்பு வாரத்துக்கு ஒரு நாள் எரியுது, மிச்ச நாள் பூரா தண்ணி குடிக்குது. முதல்ல குடிச்சத வெளிய விடுங்க, அப்புறம் குடிக்கிற வாயை அடைங்க" என்றார். "மேல வாட்டர்ப்ரூஃப் பெயிண்ட் அடிச்சா போதாதா பாய்?" என்றேன். "உள்ள இருக்கிற தண்ணி எங்க போகும்? பெயிண்டைக் கிழிச்சிட்டுத்தான் வரும்." அவர் சொன்ன வரிசையிலேயே வேலையைத் தொடங்கினேன்.

தண்ணீர் மூன்று வழியாக உள்ளே வந்துகொண்டிருந்தது. மேலே புகைபோக்கிக் கழுத்து. தகரக் குழாயும் சிமெண்ட் பூச்சும் சூட்டில் விரிவது ஒரே அளவில் இல்லை, அதனால் அந்தச் சேருமிடம் எப்போதும் வெடிக்கும். பக்கவாட்டில் சாரல். இங்கே மலாக்கா நீரிணைப் பக்கமிருந்து வரும் சுமத்ரா காற்று பின்னிரவிலும் விடியற்காலையிலும்தான் அடிக்கும், மழையைப் படுக்கவைத்துக் கொண்டுவந்து சுவரில் அறையும், தலைக்கு மேல் மட்டும் கூரை இருந்து என்ன பயன்? மூன்றாவது கீழே இருந்து. அடுப்புத் தளத்தைத் தாங்கும் அடித்தளம் ஈர மண்ணோடு ஒட்டியிருந்தால் தண்ணீரை உறிஞ்சி மேலே ஏற்றிக்கொண்டே இருக்கும். கட்டியவர் அடியில் ஈரத்தடுப்பு எதையும் போடவில்லை. அதற்காக முழுசாக இடித்துக் கட்டுவதா? தேவையே இல்லை.

பழைய சிமெண்ட் பூச்சு தட்டினால் பொள்ளென்று சத்தம் கொடுத்த இடங்களை எல்லாம் உளியால் கொத்தி எடுத்தேன். உள்ளே வெர்மிக்குலைட் கையால் பிழியும் அளவுக்கு நனைந்திருந்தது. பூச்சை எடுத்தவுடனே மூடாமல் தற்காலிகத் தார்ப்பாய்ப் பந்தல் போட்டுக் காற்றாட விட்டேன், அடுப்பின் மேலேயே தார்ப்பாயைப் போர்த்தவில்லை. அப்படிப் போர்த்தினால் அடுப்பிலிருந்து எழும்பும் ஆவி தார்ப்பாயின் உட்பக்கம் குளிர்ந்து திரும்ப அடுப்பின் மேலேயே சொட்டும். மடிப்பில் தேங்கும் தண்ணீரில் ஏடிஸ் கொசு முட்டையிடும், டெங்கி நம் ஊரில் வேடிக்கை இல்லை.

உச்சியில் வெளிப்பூச்சுக்கும் குவிமாடத்துக்கும் நடுவில், வெர்மிக்குலைட் வரை மட்டும் போகிற மாதிரி ஒரு துளை போட்டு, அரை முழ நீள இரும்புக் குழாயைச் சொருகித் தலையில் ஒரு மூடி வைத்தேன். ஆவி வெளியே போக அதுதான் வழி. செங்கல்லைத் துளைக்கக் கூடாது, அது முக்கியம். அடுப்பின் கான்கிரீட் தளத்தில் கீழிருந்து மேலாக, தடுப்புக் கலவை தொடங்கும் இடம் வரை, விரல் தடிமனுக்குச் சில துளைகள். முதல் துளை முடிந்ததுமே துரப்பண ஊசியோடு சேர்ந்து கலங்கல் தண்ணீர் வழிந்து கை முழங்கை வரை ஓடியது. அந்தத் துளைகள் அப்படியே திறந்திருக்கட்டும், எறும்பு ஏறாமல் இருக்கத் துருப்பிடிக்காத வலையைக் கிள்ளி வைத்தேன், அவ்வளவுதான்.

மறுபூச்சுக்குச் சிமெண்டைத் தொடவில்லை, சுண்ணாம்பும் மணலும். ஜார்ஜ்டவுனின் பழைய கடைவீடுகளைப் புதுப்பிக்கிறவர்கள் இதைப் பல வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். 2008-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பிறகு அந்தப் பேச்சு இன்னும் பரவியது. தரையிலிருந்து ஏறும் ஈரத்தைச் சிமெண்ட் பூச்சு சுவருக்குள்ளேயே அடைத்துவைக்கும், சுண்ணாம்புப் பூச்சு வெளியே விடும். சுவருக்குச் சரியானது அடுப்புக்கும் சரிதான். ஒரே தடிமனாக அப்பாமல் மெல்லிசாக இரண்டு மூன்று பூச்சு, ஒவ்வொன்றும் இறுகிய பிறகு அடுத்தது. புகைபோக்கிக் கழுத்தில் மட்டும் பூச்சைக் குழாயோடு ஒட்டாமல் இடைவெளி விட்டு, அந்த இடைவெளியில் சூடு தாங்கும் கயிற்றைத் திணித்து, மேலே தகரத்தில் ஒரு பாவாடை கட்டினேன். விரிகிறது விரியட்டும், மழை பாவாடை மேல் விழுந்து வெளியே ஓடிவிடும்.

கூரைக்கு ஜிங்க் தகடு, கால்வனைஸ் இரும்புக் கால்கள். கடல் பக்கத்தில், அதாவது மேற்கில், கூரையை இரண்டரை அடி கூடுதலாக நீட்டி, அந்தப் பக்கம் மட்டும் பாதி உயரத்துக்கு ஒரு ஜிங்க் தடுப்பு வைத்தேன். மற்ற மூன்று பக்கமும் திறந்திருக்க வேண்டும். காற்றோட்டத்துக்கு மட்டுமல்ல, கரி எரியும்போது கார்பன் மோனாக்சைடு வரும், மழைக்குப் பயந்து நாலு பக்கமும் மூடிவிட்டு உள்ளே நின்று ரொட்டி சுட்டால் உயிருக்கே ஆபத்து. புகைபோக்கி கூரையைத் துளைத்து மேலே போகிறது, குழாயைச் சுற்றி மரச்சட்டம் எதுவும் கிட்டே வராமல் பார்த்துக்கொண்டேன்.

பூச்சு இறுகியதும் உலர்த்தும் தீ. இங்கேதான் பொறுமை வேண்டும். ஈர அடுப்பில் எடுத்த எடுப்பிலேயே பெரிய தீ வைத்தால் செங்கல்லுக்குள் தண்ணீர் வேகமாக ஆவியாகி வெளியேற வழியில்லாமல் செங்கல்லின் முகத்தையே பெயர்த்துவிடும். முதலில் ஒரு கை மரக்கரி மட்டும், உட்கூரை 150 டிகிரியைத் தாண்டாமல் பல மணி நேரம். மறுநாள் 200, அப்புறம் 250, அப்புறம் 300. கதவை முழுசாக மூடாமல் ஒரு விரல் இடைவெளி. மாத்தாங் சதுப்புநிலக் காட்டு மரத்தில் கோலா செபெத்தாங்கில் சுடுகிற பாக்காவ் கரி இதற்கு ரொம்பப் பொருத்தம், அடங்கி நின்று நெடுநேரம் எரியும். ஒவ்வொரு நாளும் உச்சிக் குழாயின் மூடியைத் திறந்து அதே எவர்சில்வர் தட்டைப் பிடித்துப் பார்த்தேன். முதல் நாட்களில் தட்டில் தண்ணீர் ஓடியது, பிறகு லேசாக மங்கியது, கடைசியில் தட்டு பளபளப்பு மாறாமல் சூடு மட்டும் ஏறியது. ஓரச் செங்கல் 100 டிகிரியைத் தயங்காமல் கடந்ததும் அன்றுதான்.

அடுத்தது விறகு. அடுப்பு காய்ந்திருந்தும் விறகு ஈரமாக இருந்தால் பாதிப் பிரச்சினை திரும்ப வந்துவிடும். 20 சதவீதத்துக்குக் கீழே ஈரம் இருக்க வேண்டும் என்பது பொதுக்கணக்கு. நம்ம ஊர்க் காற்றின் ஈரப்பதத்தில் கூரைக்குக் கீழே எத்தனை மாதம் வைத்தாலும் விறகு 16, 17 சதவீதத்தோடு நின்றுவிடும், எனவே மழை மாதத்தில் நமக்கு மிச்சம் இருக்கும் இடைவெளி ரொம்பச் சின்னது. ரம்புத்தான், ரப்பர் மரம் இரண்டும் இங்கே எளிதாகக் கிடைக்கும். பச்சையாக வாங்கினால் உடனே மணிக்கட்டு தடிமனுக்குப் பிளந்துவிடுங்கள், உருட்டையாகக் கிடந்தால் பட்டைக்குள் ஈரம் அப்படியே இருக்கும், ரப்பர் மரம் சீக்கிரம் பூஞ்சை பிடித்துப் புழு அரித்துவிடும். தரையில் படாமல் பலகை மேல் அடுக்கி, தலைக்கு மட்டும் மூடி, பக்கங்களைத் திறந்து வையுங்கள். காய்ந்த இரண்டு துண்டை ஒன்றோடொன்று தட்டினால் கணீரென்று கேட்கும், ஈரம் என்றால் மொத்தென்று. எரியும்போது வெட்டுமுனையில் நுரை தள்ளிச் சீறினால் அந்த விறகு இன்னும் தயாராகவில்லை. தளபாடத் தொழிற்சாலைகளில் மலிவாகக் கிடைக்கும் ரப்பர் மரத் துண்டுகளை ரொட்டி அடுப்பில் போடவே கூடாது, பூச்சி அரிக்காமல் இருக்க மருந்து ஏற்றியிருப்பார்கள், பசையும் இருக்கும்.

மழைக்காலத்தில் எனக்குக் கைகொடுத்த பழக்கம் ஒன்று உண்டு. ரொட்டி எடுத்து முடித்த அடுப்பில், கங்கு ஒன்றுகூட மிச்சமில்லாமல் வாரி எடுத்துவிட்டு, சூடு 120 டிகிரிக்குக் கீழே இறங்கியதும், அடுத்த முறைக்கான விறகை உள்ளே அடுக்கி, கதவைக் கொஞ்சம் திறந்து வைத்துவிடுவது. மறுநாள் எடுத்தால் கையில் கனமே இல்லாமல் இருக்கும். அதை மூடியுள்ள டிரம்மில் போட்டு வைத்துவிட்டால் வெளியே எவ்வளவு மழை பெய்தாலும் தீ பிடிக்கும். கங்கு மிச்சமிருந்தால் மட்டும் இதைச் செய்யாதீர்கள், யாரும் இல்லாத நேரத்தில் தீப்பிடித்துக்கொள்ளும்.

மழை நாளில் தீ மூட்டும்போது புகை வாய்ப்பக்கமாகத் திரும்புவதற்குக் காரணம் குளிர்ந்த புகைபோக்கி. உள்ளே கனத்துக் கிடக்கும் ஈரக்காற்று புகையை மேலே போக விடாது. ஒரு பழைய செய்தித்தாளை முறுக்கிக் கொளுத்திப் புகைபோக்கியின் வாயில் ஒரு நிமிஷம் பிடித்தால் இழுவை தொடங்கிவிடும். பெரிய விறகைக் கீழே, சின்னதை மேலே அடுக்கி, உச்சியில் தேங்காய்ச் சிரட்டையும் காய்ந்த மட்டையும் வைத்து மேலிருந்து பற்றவைக்கிறேன். சிரட்டை மாதிரி மழைக்கு அஞ்சாத எரிபொருள் வேறு இல்லை, எண்ணெய் கடையிலோ தேங்காய்த் திருகுகிற கடையிலோ கேட்டாலே கொடுத்துவிடுவார்கள். உட்கூரை முழுசும் வெளுத்த பிறகு இன்னும் அரை மணி நேரம் தீயைத் தரை முழுக்கப் பரப்பிவிடுவது நல்லது. கங்கை வாரி எடுத்து, ஈரச் சாக்கைக் கம்பில் கட்டித் தரையை ஒரு தடவை துடைத்து, கதவை மூடி அரை மணி நேரம் சூட்டைச் சமப்படுத்தவிட வேண்டும். பாய் தெர்மாமீட்டரைத் தொடவே மாட்டார், ஒரு சிட்டிகை மாவைத் தரையில் வீசுவார். போட்டவுடனே கருகினால் இன்னும் பொறு, மெதுவாகப் பழுப்பேறினால் ரொட்டியைத் தள்ளு, வெள்ளையாகவே கிடந்தால் தீயை மறுபடி மூட்டு. நான் தெர்மாமீட்டரையும் வைத்துப் பார்த்தேன், மாவு மெதுவாகப் பழுப்பாகும்போது தரை 230-க்கும் 250-க்கும் இடையில் இருக்கிறது.

மாவு விஷயத்தில் சுருக்கமாகச் சொல்கிறேன். மழை நாளில் மாவே காற்றிலிருந்து ஈரம் இழுத்திருக்கும், வழக்கமான அளவு தண்ணீரை ஒரேயடியாக ஊற்றினால் பிசுபிசுத்துவிடும். ஒரு கிலோ ரொட்டி மாவுக்கு 650 கிராம் தண்ணீர் என்றால் 30 கிராமைத் தனியே வைத்துக்கொண்டு பிசைந்து பார்த்துச் சேர்க்கிறேன், உப்பு 20 கிராம், ஈஸ்ட் 4 கிராம். மழை நாளின் நல்ல பக்கம் குளிர்ச்சி. 32 டிகிரி வெயிலில் ஐஸ் தண்ணீர் ஊற்றியும் ஓடிப்போகிற மாவு, 26 டிகிரியில் நிதானமாகப் பொங்கும், சுவையும் கூடும். ஆனால் மழையில் அடுப்பு எப்போது தயாராகும் என்று யாராலும் சொல்ல முடியாது, மாவு அடுப்புக்காகக் காத்திருக்காது. அதனால் உருட்டி வைத்த ரொட்டிகளை ஃபிரிட்ஜில் வைத்து, உட்கூரை வெளுக்கத் தொடங்கிய பிறகுதான் வெளியே எடுக்கிறேன்.

சுட்ட ரொட்டியின் மேல்தோல் இந்த ஈரக்காற்றில் ஒரு மணி நேரத்தில் தளர்ந்துவிடும், அதைப் பார்த்து மனம் தளர வேண்டாம். நடுவில் 97 டிகிரி வரும்வரை முழுசாகச் சுட்டு, கடைசிப் பத்து நிமிஷம் அடுப்புக் கதவைக் கொஞ்சம் திறந்து வைத்து ஆவியை வெளியேற்றினால் தோல் தடித்து நிற்கும். வெளியே எடுத்துக் கம்பித்தட்டில் வைத்ததும் தோல் சிறுசிறு சத்தத்தோடு வெடிக்கத் தொடங்கும், ஜிங்க் கூரையில் மழை கொட்டும்போதுகூடக் காதைக் கிட்ட வைத்தால் கேட்கும். ஆறுவதற்கு முன்னால் பிளாஸ்டிக் பையில் போடாதீர்கள், சீக்கிரமே பூஞ்சை வந்துவிடும்.

தீபாவளிக்கு முதல் நாள் விடியற்காலை ஒரு சுமத்ரா காற்று அடித்தது, மேற்குத் தடுப்பு முழுக்க நனைந்தது, அடுப்பின் பூச்சில் ஈரம் ஏறவில்லை. விறகு வழக்கத்தைவிடக் கூடுதலாகச் செலவாகவில்லை. பாய் வந்து ஒரு ரொட்டியைப் பிய்த்து மணந்து பார்த்தார், அடிப்பக்கத்தைத் தட்டிப் பார்த்தார், "தரை இன்னும் கொஞ்சம் சூடு தாங்கணும் தம்பி" என்றார். அவர் சொல்வது சரி, மூன்றாவது நடை ரொட்டிக்கு அடிப்பக்கம் வெளிறித்தான் வருகிறது. அடுப்பைச் சுற்றியுள்ள மண் சரிவு இல்லாமல் கிடப்பதால் மழைத் தண்ணீர் அடித்தளத்தை ஒட்டியே தேங்குகிறது, துளைகள் வழியாக இன்னும் கொஞ்சம் சொட்டிக்கொண்டிருக்கிறது. ஜனவரி வறட்சி வந்ததும் சுற்றிலும் ஒரு முழ ஆழத்துக்குத் தோண்டிச் சரளைக்கல் நிரப்பி, தண்ணீரைக் கால்வாய்ப் பக்கம் திருப்பிவிடப் போகிறேன்.